செதுக்குளிக்குக் கண்ணாடி மெருகு எதற்கு?

உலோகத்தில் கையால் செதுக்கும் உளியைத் தீட்டுவது பற்றித் தொழில் வட்டாரத்தில் ஒரு கருத்து வேரூன்றி நிற்கிறது. உளிமுனை முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். எவ்வளவு மின்னுகிறதோ அவ்வளவு கூர். கோடு சரியாக விழவில்லை என்றால் மெருகு போதவில்லை. ஆகவே இன்னும் நுண்ணிய வைரத்தூள் வேண்டும், இன்னொரு தகடு வேண்டும், கையில் காசு இருந்தால் சுழல்தகட்டு எந்திரமும் வேண்டும். புதிதாகத் தொழில் பழகுபவர் காதில் முதலில் விழுவது இதுதான். கருவி விற்பவருக்கும் இது வசதியான கருத்து. வைரத்தூளை டப்பாவில் அடைத்து விற்கலாம். கோணத்தை அப்படி விற்க முடியாது.

இதில் ஒரு பங்கு உண்மை உண்டு. அந்தப் பங்கு எது என்று பிரித்துப் பார்க்காமல் முழுவதையும் நம்புவதில்தான் கோளாறு. உளி இறங்குவது, இறங்காமல் சறுக்குவது, வளைவில் இழுபடுவது, முனை ஒடிவது ஆகிய எல்லாவற்றையும் பெரும்பாலும் தீர்மானிப்பவை கோணங்களே. மெருகுக்கு வேலையுள்ள இடம் மிகச் சிறியது. பல வேலைகளில் அந்த இடமும் இல்லை.

முதலில் கருவி எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தரும் கடைகளில் இருக்கும் மின்பேனா புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போகிறது. அது உலோகத்தை அகற்றுவதில்லை, நசுக்குகிறது. செதுக்குளியோ தன் முன்னால் உள்ள உலோகத்தைச் சுருளாக எடுத்து வெளியே தள்ளுகிறது. ஏறத்தாழ அரைச்சாண் நீளமுள்ள எஃகுத் துண்டு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரமாகவோ சாய்சதுரமாகவோ இருக்கும். ஒரு முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் மரப்பிடி. மறுமுனை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும்; அந்தச் சாய்வுப் பரப்பு உளியின் முகம். முகமும் அடிப்பக்கங்கள் இரண்டும் கூடும் புள்ளிதான் வெட்டுமுனை. அடிப்பக்கங்கள் தமக்குள் 90 டிகிரியில் சேரலாம், 120 டிகிரியில் சேரலாம். இவற்றோடு பெரும்பாலானோர் கண்ணில் படாத நான்காவது உறுப்பு ஒன்று உண்டு. முனையின் அடியில் சிறு சாய்வாகத் தீட்டப்படும் குதி. பொடியுப்புத் துகள் ஒன்றின் அளவுதான் அதன் நீளம், 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை. பழகுபவர்களின் துன்பங்களில் பாதி அந்தத் துகளளவு இடத்தில் பிறக்கிறது.

கணக்கு எளியது. முகம் உளியின் தண்டோடு 45 டிகிரியில் வெட்டப்பட்டு, குதி 15 டிகிரியில் தீட்டப்பட்டால், முனையில் எஃகின் தடிமனைக் குறிக்கும் கோணம் 60 டிகிரி. செதுக்கும்போது குதி உலோகத்தின் மேல் படிந்து ஓடுகிறது. தண்டு 15 டிகிரி உயர்ந்து நிற்கிறது. முகம் செங்குத்திலிருந்து 30 டிகிரி பின்னால் சாய்கிறது. அந்தச் சாய்வு இருப்பதால்தான் சுருள் தடையின்றி முகத்தின் மேல் ஏறிப் போகிறது. செம்பு, வெள்ளி, தங்கம் போன்ற மெதுவான உலோகங்களுக்கு இது பொருத்தம். துப்பாக்கியின் எஃகுப் பக்கத்தகடு போன்ற கடினப் பொருளுக்கு இதே முனை சில அங்குலங்கள் ஓடுவதற்குள் ஒடியும். அங்கே முகத்தை 55 டிகிரிக்கும் குதியை 20 டிகிரிக்கும் மாற்றினால் முனையின் தடிமன் 75 டிகிரி ஆகிறது. முகத்தின் சாய்வு 15 டிகிரியாகக் குறைகிறது. தள்ள வேண்டிய விசை கூடும், முனை நிற்கும். ஒடியும் முனைக்கு மருந்தாக மேலும் மெருகிடுபவர், மெலிந்த முனையை மெலிந்தபடியே வைத்துக்கொண்டு பளபளப்பாக்குகிறார். அடுத்த கோட்டில் அதுவும் ஒடிகிறது.

குதியே இல்லாத உளி என்ன செய்யும்? முனை உலோகத்துக்குள் இறங்கிக்கொண்டே போகும். பிடியைக் கீழே அழுத்தினால் மட்டுமே அது மேலே வரும். அழுத்த இடமில்லை, ஏனெனில் தண்டு ஏற்கெனவே தகட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. அச்சுக்கான செப்புத்தகட்டில் வேலை செய்த ஐரோப்பியச் செதுக்கர்கள் இந்தச் சிக்கலைத் தண்டைச் சற்று மேல்நோக்கி வளைத்தும், மரப்பிடியின் அடிப்பாகத்தைச் சீவித் தட்டையாக்கியும் சமாளித்தார்கள். உளியின் அடிப்பக்கங்களே அவர்களுக்குக் குதியாகப் பயன்பட்டன. மணல் நிரப்பிய தோல் மெத்தையின் மேல் தகட்டை வைத்து, உளியை ஏறத்தாழ அசையாமல் பிடித்து, வளைவுக்குத் தகட்டைத் திருப்பினார்கள். செம்பு மெதுவானது என்பதால் இது நடந்தது.

குதி நீண்டுபோனால் வேறு வகைத் தொல்லை. இதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள சிறு வட்டம் ஒன்றைச் செதுக்குவதாக வைத்துக்கொண்டால், உளிமுனை வட்டத்தின் மேல் சரியாகச் செல்லும். குதியோ நேர்க்கோடு, வளையாது. ஆகவே குதியின் வால் வட்டத்துக்கு வெளியே நீட்டும். குதி 1 மில்லிமீட்டர் நீளமிருந்தால் வால் நீட்டும் தூரம் கால் மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. செதுக்கும் கோட்டின் அகலமே 0.2 மில்லிமீட்டர்தான் என்றால், வால் கோட்டைத் தாண்டி வெளிச்சுவரை நசுக்கிக்கொண்டு போகிறது என்று பொருள். வெளி விளிம்பில் உலோகம் புடைக்கும். தேய்த்த தடம் தெரியும். வளைவு உடைந்து பல சிறு நேர்க்கோடுகளாகத் தோன்றும். குதியை 0.3 மில்லிமீட்டராகக் குறைத்தால் அதே வால் வெறும் 0.02 மில்லிமீட்டர்தான் நீட்டும், கண்ணுக்குத் தெரியாது. வளைவில் உளி இழுபடுகிறது என்று வருவோருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, குதியை நன்றாக மெருகிடு என்பதே. மெருகிட்ட நீளக் குதி வெளிச்சுவரைச் சொரசொரப்பாக நசுக்குவதற்குப் பதில் பளபளப்பாக நசுக்கும். கோடு கெட்டது கெட்டதுதான். இதைவிடக் கொடுமை, ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் குதி சிறிது நீளுகிறது. மருந்தே நோயை வளர்க்கிறது.

அடிப்பக்கங்கள் சேரும் கோணத்தின் செயலும் இப்படித்தான். 0.2 மில்லிமீட்டர் அகலக் கோட்டுக்கு 90 டிகிரி உளி 0.1 மில்லிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும். 120 டிகிரி உளிக்கு 0.06 மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம் போதும். எஃகில் 120 டிகிரி விரும்பப்படுவதற்கும், ஒரே கோட்டை மெல்லியதாகத் தொடங்கிப் பருமனாக்கி மீண்டும் மெலியச் செய்யும் இலை, கொடி வேலைகளில் அது கைக்கு இசைவதற்கும் இதுவே காரணம். மெருகுக்கு இந்தக் கணக்கில் எங்கும் இடம் வரவில்லை.

இனி அந்த ஒரு பங்கு உண்மை. உளி சுருளை எடுத்தபின் கோட்டின் இரு சுவர்களையும் கடைசியாகத் தொட்டுச் செல்வது குதியின் இரு பக்கங்கள். அவற்றில் உள்ள கீறல்கள் அப்படியே சுவரில் பதியும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. சுவரின் மேடுபள்ளம் அதைவிட நன்றாகக் குறைந்தால்தான் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். 1200 எண் எமரித்தாளின் மணல் 15 மைக்ரான் அளவுடையது. அது விடும் கீறலின் ஆழம் மணலின் அளவில் சிறு பின்னமே என்றாலும் ஒளியைச் சிதறடிக்க அது போதும். ஆகவே கோடே மின்ன வேண்டிய வேலைகளில் குதியின் பக்கங்களை அரை மைக்ரான் வைரத்தூள்வரை கொண்டுபோவது நியாயம்.

அப்படிப்பட்ட வேலைகள் இல்லாமல் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலாண்டில் இங்கிலாந்தில் வெள்ளிக் கரண்டிகளிலும் தேநீர்க் கலங்களிலும் பளிச்சு வெட்டு மோகமாகப் பரவியது. லண்டனில் பட்டறை நடத்திய ஹெஸ்டர் பேட்மன் அம்மையாரின் வெள்ளிப் பொருள்கள் இதற்குப் பெயர்பெற்றவை. அங்கே வெட்டு ஒவ்வொன்றும் சாய்ந்த சிறு கண்ணாடி; மெழுகுவத்தி வெளிச்சத்தில் பொருளைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு வெட்டும் மாறி மாறி மின்னும். உளி உலோகத்தை எடுக்கும் அதே ஓட்டத்தில் மெருகும் இடுகிறது. இன்றும் நகையில் கல் பதிக்கும் தட்டார் கல்லைச் சுற்றிய விளிம்பைச் சீவும்போது இதையே செய்கிறார். இந்த வேலையில் மெருகு இல்லாத உளி பயனற்றது. இதை மறுப்பது மூடத்தனம்.

ஆனால் கைச்செதுக்கு முழுவதும் பளிச்சு வெட்டு என்று யார் சொன்னது? அச்சுத்தகட்டில் கோடு என்பது மையைத் தாங்கும் பள்ளம். தகட்டில் மை பூசித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். சுவர் மின்னுகிறதா என்று பார்க்க மைக்குக் கண் இல்லை. அங்கே வேண்டியது விளிம்பு கிழியாத வெட்டும், இரு ஓரங்களிலும் எழும் பிசிறைச் சுரண்டியால் நீக்கும் பொறுமையும். இத்தாலியின் கார்தோனே வல் திரோம்பியா ஊரில் துப்பாக்கிகளின் மேல் விலங்குகளையும் முகங்களையும் வரையும் செதுக்கர்கள் நுண்ணிய புள்ளிகளாலும் குறுங்கோடுகளாலும் நிழலை எழுப்புகிறார்கள். அங்கே கருமைதான் பேசுகிறது, மினுமினுப்பு குறுக்கிடும். கர்நாடகத்தின் பீதரில் துத்தநாகமும் சிறிது செம்பும் கலந்த வார்ப்பில் பள்ளம் வெட்டி வெள்ளிக் கம்பியை அடித்து இறுக்குகிறார்கள். பள்ளத்தின் அடி வழவழப்பாக இருப்பதால் கம்பிக்கு ஒரு நன்மையும் இல்லை. கம்பி ஏறியதும் அந்தப் பரப்பை மறுபடி யாரும் பார்க்கப் போவதுமில்லை. இத்தனை வேலைகளையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெள்ளிக் கரண்டிக்கு உரிய விதியை எல்லா உளிக்கும் பொதுவிதியாக்குவது எப்படி முறையாகும்?

வரலாறும் பொதுவிதிக்குத் துணை நிற்கவில்லை. பிரெஞ்சுச் செதுக்கர் குளோது மெல்லான் 1649இல் இயேசுவின் முகத்தை ஒரே கோட்டால் செதுக்கினார். மூக்கின் நுனியில் தொடங்கும் கோடு சுருள் சுருளாக விரிந்து தகட்டின் ஓரம்வரை செல்கிறது. வேறு குறுக்குக் கோடு ஒன்றுகூட இல்லை. கண், தாடி, முள்முடி, நிழல் எல்லாம் அந்த ஒரு கோடு பருப்பதாலும் மெலிவதாலும் மட்டுமே உருவாகின்றன. கோடு பருப்பது உளி ஆழம் இறங்குவதால். மெலிவது மேலே வருவதால். நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரு மயிரிழை ஏறி இறங்க வேண்டிய இந்த வேலைக்கு மெல்லானிடம் செயற்கை வைரத்தகடு இல்லை, அரை மைக்ரான் தூள் இல்லை. பாரிசில் 1645இல் ஆபிரகாம் போஸ் வெளியிட்ட செதுக்குக் கலை நூல் உளியைத் தீட்டும் முறையை விளக்குகிறது. அவர் பேசுவது எண்ணெயிட்ட கல்லையும், அடிப்பக்கங்களைக் கல்லில் மட்டமாகப் படியவைத்துத் தேய்ப்பதையும்தான். நல்ல எண்ணெய்க்கல் தரும் பரப்பு சொரசொரப்பு இல்லாதது என்பது உண்மையே. அந்த அளவோடு நிறுத்திக்கொண்டு அந்த நூற்றாண்டு வேலை செய்தது.

தொழிலோடு மந்திரமும் ஒட்டிக்கொண்டு வருவது புதிதன்று. 12ஆம் நூற்றாண்டுத் துறவி தியோபிலசின் கைத்தொழில் நூல், வெறும் தண்ணீரைவிடச் செம்பட்டை முடிச் சிறுவனின் சிறுநீரில் தோய்த்த கருவி கடினமாகும் என்கிறது. சிரிப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்புக் கலந்த நீரில் எஃகு வேகமாகக் குளிரும். எஃகைச் சுற்றி எழும் நீராவிப் போர்வையை உப்பு கலைத்துவிடுகிறது. உப்பு உண்மை, முடியின் நிறம் கட்டுக்கதை. இன்றைய வைரத்தூள் பக்தியிலும் இதே கலவைதான் இருக்கிறது.

மெருகு பயனற்ற இடத்தில் வெறுமனே வீணாகும் என்றால் இத்தனை பேச்சு தேவையில்லை. அது கெடுக்கவும் செய்கிறது. சவரக்கத்தியைத் தோல்வாரில் இழுக்கும் பழக்கத்தை உளிக்கும் கொண்டுவந்தவர்கள் உண்டு. கத்தியின் விளிம்பு நீளமானது, மெலிந்தது. தோல் சற்று அமுங்கினாலும் கெடுதல் இல்லை. 0.3 மில்லிமீட்டர் குதி தோலிலோ கம்பளிச் சக்கரத்திலோ பட்டால் தோல் அமுங்கி முனையைச் சுற்றி எழும்புகிறது. குதிக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள விளிம்பு உருண்டுபோகிறது. 15 டிகிரி என்று தீட்டிய சாய்வு முனையருகே 25, 30 என்று ஏறிவிடும். பார்க்கப் பரப்பு மின்னும். தொட்டால் உளி சறுக்கும். கடினமான தகட்டில் மட்டுமே மெருகிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் வார்ப்பிரும்புத் தகட்டையோ பீங்கான் தகட்டையோ பயன்படுத்துவது இதனால்தான்.

இரண்டாவது கேடு இதைவிடப் பெரிது. மெருகு குற்றத்தை மறைக்கிறது. சாதாரணக் கரியெஃகு உளியை வேகமாகச் சுழலும் சாணைச்சக்கரத்தில் பிடித்தால் மெல்லிய முனை நொடியில் சூடேறும். 220, 230 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வைக்கோல் நிறம் தோன்றும். 300 அளவில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த முனை பதம் இழந்தது. செம்பில்கூட நெடுநேரம் நிற்காது. அந்த நிறம் ஒரு மெல்லிய படலம் மட்டுமே. தேய்த்தால் போய்விடும், மென்மை போகாது. தொடர்ந்து மெருகிடும் கை முதலில் துடைத்தெறிவது இந்த ஒரே சாட்சியத்தைத்தான். பிறகு மின்னும் உளி ஏன் மழுங்குகிறது என்று விளங்காமல் எஃகின் மேல் பழி விழும். சரியான வழி, நீலம் தெரிந்ததும் அந்தப் பகுதியைத் தாண்டி நல்ல எஃகு வரும்வரை மெதுவாக, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அரைப்பதுதான்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் உலகம் பார்த்த ஹைஸ்பீடு ஸ்டீல் இந்தக் கவலையைப் பெரிதும் குறைத்தது. 600 டிகிரியை நெருங்கும்வரை அது பதம் இழப்பதில்லை. 1920களில் ஜெர்மனியில் பிறந்த டங்ஸ்டன் கார்பைடு கடினத்தில் அதையும் மிஞ்சியது. கடினம் கூடக் கூட நல்லது என்ற எண்ணமும் மெருகு மோகத்தின் உடன்பிறப்பே. கார்பைடு தேய்வது அரிது, சில்லுப் பெயர்வது எளிது. நுண்ணிய கார்பைடு மணிகளைக் கோபால்ட்டால் ஒட்டிச் செய்த பொருள் அது. மணிகள் அரை மைக்ரான் முதல் சில மைக்ரான்வரை இருக்கும். விளிம்பில் ஒரு மணி பெயர்ந்தால் அந்த அளவுக்குப் பல் விழும். மணியின் அளவைவிட நுண்மையான தூளால் மணிக்கணக்கில் தேய்ப்பதால் விளிம்பு மணியைவிட நுண்மையாகிவிடாது. அதற்கு முகக்கோணத்தை 50க்கு மேல் வைப்பதே காவல்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. மெருகிட்ட விளிம்பு நெடுநேரம் உழைக்கும் என்பது அது. வாதம் பொய்யில்லை. முரட்டு மணலில் தீட்டிய பரப்பின் கீறல்கள் விளிம்பில் வந்து முடிகின்றன. அங்கே விளிம்பு மெல்லிய பற்களாக நிற்கிறது. முதல் வெட்டிலேயே பற்கள் ஒடிகின்றன. நுண்கல்லில் தேய்த்தால் பற்கள் சிறுத்து, உளி கூடுதல் நேரம் நிற்கும். கார்பைடில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் பயன் படிப்படியாகச் சுருங்குகிறது. 600 எண் தகட்டிலிருந்து 1200க்குப் போகும்போது கை உணரும் வேறுபாடு பெரிது. அதற்குப் பின் அரை மைக்ரானுக்குப் போகும்போது நிழற்கோட்டு வேலை செய்பவர் உணரும் வேறுபாடு மிகக் குறைவு. அதே உளி எஃகில் ஒடிந்துகொண்டிருந்தால் முகத்தை 45இலிருந்து 55க்கு மாற்றிய அடுத்த நிமிடமே ஒடிவது நிற்கும். உழைப்புக் காலத்தைப் பேசுபவர் முதலில் கோணத்தைப் பேச வேண்டும்.

இவ்வளவு தெளிவான ஒன்று எப்படி மறைந்தது? தேர்ந்த செதுக்கர் ஒருவர் உளி தீட்டுவதைப் பார்ப்பவர் கண்ணில் நிற்பது கடைசிக் கட்டமான மெருகு. கோணம் அவர் மணிக்கட்டில் பல்லாண்டுகளாக ஊறிப்போனது. அதை அவர் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. படக்கருவியும் இதே பாரபட்சத்தோடு பார்க்கிறது. மின்னும் முனை படத்தில் அழகாக விழும். 15 டிகிரியா 20 டிகிரியா என்பது படத்தில் விழாது. கடைசிப் படியை முதல் படியாக எண்ணிப் பின்பற்றுபவர்கள் பெருகியதில் வியப்பில்லை.

தீட்டும் ஒழுங்கு, மிகை நீக்கிச் சொன்னால், நீளமானதன்று. உளியின் மேல்முதுகை முதலில் அரைத்துக் குறைக்க வேண்டும். முகத்தின் பரப்பு சிறுத்தால் பிறகு தீட்டும் ஒவ்வொரு முறையும் சில இழுப்புகளே போதும். முகம் முழுவதையும் கண்ணாடியாக்கி வைத்திருக்கும் உளிகளைப் பார்க்கும்போது, எஃகும் நேரமும் எங்கே போயின என்பது உடனே விளங்கும். அடுத்து அடிப்பக்கங்கள் இரண்டும் ஒரே அளவில், மட்டமாக அமைய வேண்டும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் உளி ஒரு பக்கம் சாயும், கோடு விலகும். பிறகு முகம், வேலைக்கேற்ற கோணத்தில். எல்லாவற்றுக்கும் கடைசியில் குதி. வைரத்தகட்டிலோ நுண்கல்லிலோ இரு பக்கங்களுக்கும் தலா இரண்டு மூன்று மெல்லிய இழுப்புகள். உருப்பெருக்கியில் பார்த்து, நீளம் ஒத்திருந்தால் நிறுத்த வேண்டும். பளிச்சு வெட்டு வேலையென்றால் இங்கே, இங்கே மட்டும், பீங்கான் தகட்டில் அரை மைக்ரான் தூளோடு இன்னும் இரண்டு இழுப்பு. தீட்டியபின் முனையில் ஒட்டியிருக்கும் பிசிறை, முனையைப் பித்தளைத் துண்டிலோ கடின மரத்திலோ மெல்லக் குத்தி நீக்கலாம்.

இதற்கு எந்திரம் கட்டாயமா? கார்பைடுக்கு வைரம் வேண்டும் என்பது உண்மை. எண்ணெய்க்கல்லில் அது லேசில் தேயாது. ஆனால் வைரம் பூசிய சிறு தகடு ஒன்றின் மேல், உளியைக் குறித்த கோணத்தில் பிடித்துக்கொள்ளும் எளிய அச்சு ஒன்றை வைத்துக் கையால் தேய்த்தாலே போதும். எந்திரம் வேகம் தருகிறது. நாள் முழுதும் எஃகில் வேலை செய்து பத்துப் பதினைந்து முறை தீட்ட வேண்டியவருக்கு அந்த வேகம் காசுக்குத் தகும். வாரம் ஒரு வளையலில் பூ வெட்டுபவருக்குத் தகாது.

கூரைச் சோதிக்கும் முறைகளிலும் மெருகுக்கு இடமில்லை என்பதைக் கவனிக்கலாம். பழைய முறை கட்டைவிரல் நகம். முனையை மிகச் சாய்வாக நகத்தின் மேல் வைத்து, எடையே கொடுக்காமல் தள்ள வேண்டும். கூருள்ள முனை அங்கேயே பற்றி நிற்கும், மழுங்கியது வழுக்கும். மற்றது ஒளி. விளக்குக்கு அருகில் 10 மடங்கு உருப்பெருக்கியில் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், மழுங்கிய முனையில் ஒரு வெண்புள்ளி பளிச்சிடும். ஒளியைத் திருப்ப அங்கே ஒரு பரப்பு உருவாகிவிட்டது. உண்மையான கூர்முனைக்குப் பரப்பு இல்லை. அது ஒளியைத் திருப்பாது, இருட்டாகவே தெரியும். மின்னுவதைக் கூர் என்று நம்புபவர் இந்த ஒரு சோதனையை மட்டும் செய்து பார்த்தால் போதும். மின்னும் இடம்தான் மழுங்கிய இடம்.

பாதுகாப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் தவறான கோணத்தின் விலையைப் பல நேரம் கொடுப்பது இடக்கை. உளி பற்றவில்லை என்றால் செதுக்குபவர் கூடுதலாக அழுத்துகிறார். அழுத்தம் மிகுந்த நிலையில் முனை திடீரென்று வழுக்கித் தகட்டைப் பிடித்திருக்கும் விரலில் ஏறுகிறது. குதி உருண்டுபோன, நன்றாக மெருகிட்ட உளி இதில் மிக மோசம்; பற்றுவதுபோல் தோன்றி நடுவில் கைவிடும்.

தொழில் கற்பிக்கும் பட்டறைகளும் பயிற்சி நிலையங்களும் புதியவருக்கு முதல் நாளில் வைரத்தூளைக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஒரு செப்புத்தகடு, ஒரு சதுர உளி, ஒரு நுண்கல், ஓர் உருப்பெருக்கி போதும். நேர்க்கோடும், 2 மில்லிமீட்டர் வட்டமும், பருத்து மெலியும் இலைக்கோடும் விழும்வரை அவர் கோணத்தை மட்டும் மாற்றி மாற்றித் தீட்டட்டும். வெள்ளியில் பளிச்சு வெட்டுக்கு வரும் நாளில் பீங்கான் தகட்டை எடுத்துக் கொடுக்கலாம்.